பத்தாவது வரிசை

நான்காவது வரிசையில், தரையிலிருந்து மூன்றாவது இலையில்தான் அது முதலில் தெரிந்தது. முகத்துக்குப் போடுகிற பவுடரை யாரோ விரல் நுனியில் எடுத்துத் தொட்டுவிட்டுப் போன மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. அவள் கட்டைவிரலால் தேய்த்தாள். போய்விட்டது. போனதில் அவளுக்குச் சந்தோஷமில்லை. இன்றைக்குத் தேய்த்தால் போகும், நாளைக்கு நாலு இலையில் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"சத்தம், இங்க கொஞ்சம் வா."

சத்தம் என்பது வெள்ளரித் தோட்டத்தில் அவளோடு வேலை பார்க்கிற பெண். சொந்தப் பெயர் வேறு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வந்து குனிந்து பார்த்தவள், "சாம்பல் நோயிக்கா!" என்றாள். பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மெதுவாடி. எல்லாருக்கும் அறிவிப்புக் குடுக்காத."

"நான் காதுலதானேக்கா சொன்னேன்?"

மெதுவாகப் பேசவேண்டிய காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை உண்டாக்கியவர் அவளுடைய புருஷன்.

அவரை எல்லோரும் தலைவர் என்பார்கள். நச்சில்லா வேளாண்மைப் பேரவைக்கு அவர் தலைவர். பேரவையில் ஏழு உறுப்பினர்கள். அதில் ஒருவர் இறந்து ஒரு வருஷமாகிறது, ஆனால் கடிதத்தாள் அச்சடித்தது இன்னும் தீராததால் அவரும் செயற்குழுவில் நீடிக்கிறார். தலைவர் மண்ணைப் பற்றி ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார். மண்ணில் ஒரு மணி நேரம் நின்றதாக யாரும் பார்த்ததில்லை.

அவருடைய தம்பிக்கு பஜாரில் பூச்சிமருந்துக் கடை. இரண்டாவது கிளை திறந்தபோது, அண்ணன் என்ற மரியாதைக்கு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். தலைவர் இரண்டாயிரம் வார்த்தை பேசினார். மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டு மருந்தைத் திட்டினார். கைதட்டல் கொஞ்சம் தாமதமாக வந்ததால் சூடேறி, "என் நிலத்தில் இனி ஒரு சொட்டு மருந்து விழுந்தால், அந்த நிலம் என் தம்பிக்கு!" என்று முடித்தார். இப்போது கைதட்டல் உடனே வந்தது. முதலில் தட்டியது தம்பி. ரோட்டோரத்தில் ஒரு குடோன் கட்ட அவன் நாலு வருஷமாக இடம் தேடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் கடிதத்தாளில் பதினான்கு விதிகளோடு ஒப்பந்தம் தயாரானது. இந்த வெள்ளரி கடைசிப் பறிப்பு முடிகிறவரை சொட்டு மருந்து விழக்கூடாது. விழாமலே விளைச்சல் பாதிக்குக் கீழே போனாலும் நிலம் தம்பிக்குத்தான்; அப்படி ஆனால் பேரவையின் கொள்கையே தோற்றதாக அர்த்தமாம். அண்ணனும் தம்பியும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த நிலத்தில் பதினொரு வருஷமாகக் குனிந்து நிமிர்ந்தவள், இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். படித்துப் பார்க்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. டம்ளர் எடுக்க வந்தபோது அவளாகவே நின்று படித்தாள். தலைவரே அப்படி முழுசாகப் படித்திருப்பாரா என்பது சந்தேகம். அவர் எழுதியதோடு சரி.

அப்புறம்தான் இந்த வெள்ளைப் புள்ளி.

மூன்று நாளில் அது நான்காவது வரிசையை விட்டு ஆறாவதுக்குப் போனது. பகலில் புழுக்கம், விடிகாலையில் ஈரம். சாம்பல் நோய்க்கு அழைப்பு அனுப்பின மாதிரி. அவளுக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. அடுப்பில் ஒன்றை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போவாள். அது தீய்ந்த வாசனை வருமுன் திரும்பி வருவாள், சில நாள் வந்த பிறகு திரும்பி வருவாள். சாப்பிடும்போது தட்டிலிருந்த கீரையைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தாள்.

"என்ன பாக்குற?" என்றார் தலைவர்.

"ஒண்ணுமில்ல. பழக்கம்."

"இயற்கை தன்னைத்தானே சரிசெஞ்சுக்கும். நாம பொறுமையா இருக்கணும்."

"அது சரிசெஞ்சுக்கும்ங்க. நம்ம வெள்ளரிய எடுத்துட்டு சரிசெஞ்சுக்கும்."

வழி பால் டிப்போவிலிருந்து வந்தது. டிப்போக்காரம்மா காலி கேன்களைக் கழுவி, அந்தத் தண்ணீரைப் பின்சுவரில் படர்ந்திருந்த பூசணிக் கொடியில் வீசுவது வழக்கம். அவள் பால் வாங்கப் போன இடத்தில் வழக்கப்படி இலையைப் புரட்டினாள். கழுவு தண்ணீர் பட்ட பக்கம் பச்சை. படாத பக்கம் சாம்பல். பட்டும் சுவர் நிழலில் இருந்த இலைகளில் சாம்பல் அப்படியே இருந்தது. அவள் கையில் பாத்திரத்தோடு அந்தக் கொடியைச் சுற்றி மூன்று தடவை நடந்தாள்.

"என்னம்மா, பூசணிக்குப் பொண்ணு பாக்க வந்தியா?" என்றாள் டிப்போக்காரம்மா.

"எந்த நேரத்துல கேன் கழுவுவீங்க?"

"பத்து, பத்தரை. வெயில் சுள்ளுனு இருக்கும்போது. அப்பத்தான் கேன் காயும். ஏன்?"

அவள் பாத்திரத்தை நீட்டினாள். கொழுப்பு நீக்கிய பாலில் மிச்சம் இருந்தால் தனக்கு வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

ஒரு மக் பால், ஒன்பது மக் தண்ணீர். மெல்லிய துணியில் வடிகட்டி, முதுகுத் தெளிப்பானில் ஊற்றி, காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினதும் இலையின் மேலும் கீழும் நனைகிற மாதிரி அடிப்பது. வாரம் ஒரு முறை. நோய் ஏறினால் இரண்டு முறை. முதல் தடவை அடித்துவிட்டு வந்தபோது சட்டை முதுகில் பால் ஒழுகிக் காய்ந்து விறைத்துவிட்டது. பின்னாலேயே இரண்டு பூனைகள் வந்தன.

ஒன்பது வரிசைக்கு அடித்தாள். ரோட்டை ஒட்டிய பத்தாவது வரிசைக்கு அடிக்கவில்லை.

"பால் தீந்துடுச்சாக்கா?" என்றாள் சத்தம், ரோட்டில் போகிறவர்களுக்கும் சேர்த்து.

"இல்ல. அது சும்மா இருக்கட்டும்."

"அது என்னக்கா பாவம் பண்ணுச்சு?"

"எல்லாத்துக்கும் அடிச்சு எல்லாம் நல்லாயிட்டா, பாலால நல்லாச்சா, காத்து மாறி நல்லாச்சான்னு எப்படித் தெரியும்? ஒண்ண விட்டாத்தான் தெரியும்."

சத்தம் கொஞ்ச நேரம் யோசித்தாள். "எங்க மாமியாருக்கு முட்டி வலி தைலத்த ஒரு கால்ல மட்டும் தடவிப் பாக்கணும்க்கா," என்றாள்.

தலைவருக்கு இது பிடிக்கவில்லை. சனிக்கிழமை அவருடைய தோட்டத்தைப் பார்க்க வெளியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வருவதாக இருந்தது. ரோட்டை ஒட்டி நின்று பேசினால்தான் வேனிலிருந்து இறங்கினதும் எல்லோருக்கும் கேட்கும். அந்த இடத்தைப் பேரவை ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டது. அதாவது அவர்.

"வர்றவங்க கண்ணுல முதல்ல படறது இந்த வரிசை. இதைப் போய் சாம்பலா வச்சிருந்தா என்ன நெனைப்பாங்க?"

"அடிக்காத வரிசை இப்படி இருக்கு, அடிச்ச வரிசை அப்படி இருக்குன்னு சொல்லுங்க. அதைவிடப் பெரிய பேச்சு என்ன வேணும்?"

"பேச்சைப் பத்தி நீ எனக்குச் சொல்லாத. அப்புறம், தெளிக்கிறது சாயங்காலந்தான் தெளிக்கணும். எல்லாப் புத்தகத்துலயும் போட்டிருக்கு."

"எல்லாப் புத்தகத்துலயும் மருந்துக்குப் போட்டிருக்கும். பால் வெயில் பட்டாத்தான் வேலை செய்யுது. நான் பூசணியில பாத்தேன்."

"பூசணி," என்றார் தலைவர், கூட்டத்தில் எதிர்க்கேள்வி கேட்டவனைப் பார்ப்பது போல.

"பத்தாவதத் தொடாதீங்க. எனக்குத் தெரியணும்."

திங்கட்கிழமை மருந்துக்கடைத் தம்பி பைக்கில் வந்து வரப்பில் நிறுத்தினான். அவனுக்கு விஷயம் எட்டியிருந்தது. சத்தம் வேலை செய்கிற தோட்டத்தில் ரகசியம் என்று எதுவும் வளர்வதில்லை.

"என்ன அண்ணி, வெள்ளரி பால் குடிக்குதாமே? அடுத்து என்ன, பிஸ்கட்டா?"

"வாங்க தம்பி. பூனை ரெண்டு உங்களத்தான் தேடிக்கிட்டிருந்துச்சு. பூனைக்கு ஏதாவது மருந்து இருக்கா?"

"பூனைக்கு இல்ல, சாம்பலுக்கு இருக்கு." பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். "சும்மா வச்சிக்குங்க. பம்பு ரூம்ல இருக்கட்டும். தண்ணியில ரெண்டு மூடி ஊத்தி அடிச்சா நாலு நாள்ல சுத்தம். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சொல்ல மாட்டீங்க. குடோனுக்கு அஸ்திவாரம் மட்டும் தோண்டுவீங்க."

அவன் சிரித்தான். கெட்டவன் இல்லை. விற்கிற பொருளை நம்புகிறவன், அவ்வளவுதான். தானே தன் வீட்டுத் தோட்டத்துக்கு அதைத்தான் அடிக்கிறான். "அண்ணன் பேசினதுக்கு நீங்க ஏன் அண்ணி அவஸ்தப்படறீங்க? போனா போகுது நிலம். குடோன்ல கணக்கு பாக்க உங்களையே வச்சிக்கிறேன்." பாட்டிலைப் பம்பு ரூம் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனான்.

அவள் அதைத் தூக்கி எறியவில்லை. எறிய வேண்டும் என்று இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஆறாவது வரிசை கண்ணுக்குள்ளேயே நின்றது. நாலு நாள், இரண்டு மூடி.

செவ்வாய்க்கிழமை அவள் டிப்போவுக்குப் போயிருந்த நேரம் தலைவர் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தார் என்று சத்தம் சொன்னாள். நம்ப முடியாத செய்தி. அன்றைக்கு அவர் சாப்பிட உட்காருமுன் சோப்புப் போட்டு நான்கு தரம் கை கழுவினார். சாப்பிடும்போது எதைப் பற்றியும் பேசவில்லை. உடம்புக்கு ஏதோ என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் நுழைந்தவள் பத்தாவது வரிசையில் நின்றுவிட்டாள்.

சாம்பல் அடங்கியிருந்தது. வெள்ளையாக இருந்த இடங்கள் பழுப்பாகி உலர்ந்திருந்தன. நுனியில் வந்திருந்த புது இலைகள் கழுவித் துடைத்த மாதிரி இருந்தன. அவள் ஆறாவதுக்கு ஓடினாள். அங்கே சாம்பல் குறைந்திருந்தது, போகவில்லை. மூன்றாவதிலும் அப்படித்தான். மறுபடி பத்தாவதுக்கு வந்தாள். ஒன்றுமே அடிக்காத வரிசை, எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது.

"நல்லதுதானேக்கா?" என்றாள் சத்தம்.

"என்னடி நல்லது? சும்மா விட்டது இப்படி இருக்குன்னா பால் என்னத்தச் செஞ்சுது? கெடுத்திருக்கு. நான் அடிக்காம இருந்திருந்தா எல்லாமே இப்படி ஆயிருக்கும்." தெளிப்பானைத் தோளிலிருந்து கழற்றி இறக்கினாள். "பூசணியில என்னத்தப் பாத்தேன்? சுவத்தப் பாத்துட்டு வந்து பேசியிருக்கேன்."

அன்றைக்கு அவள் பால் அடிக்கவில்லை. கலந்து வைத்திருந்ததைப் பூனைகளுக்கு ஊற்றினாள். வெள்ளிக்கிழமையும் அடிக்கவில்லை. வரிசை வரிசையாக நடந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். ஒரு கூடை பறிக்கிற நேரத்தில் அரைக் கூடைகூடப் பறிக்கவில்லை. ஆறாவதில் அடங்கியிருந்த வெள்ளை வெள்ளி மாலைக்குள் மறுபடி முளைத்திருந்தது. பாலை நிறுத்தினதாலா, இல்லை அதுவாகவேவா? தெரியவில்லை. தெரிவதற்காக விட்ட ஒரே வரிசையும் அவளிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை பம்பு ரூமுக்குப் போய் ஜன்னலைப் பார்த்தாள். பாட்டில் இருந்தது. லேபிள் முன்னால் இருந்தது. திங்கட்கிழமை பின்னால் இருந்த ஞாபகம். தூக்கமில்லாததில் ஞாபகத்தையும் நம்பமுடியவில்லை.

சனிக்கிழமை வேன் வந்தது. பதினைந்து பேர். எல்லோரும் தொப்பி. அவர்களில் நோட்டுப் புத்தகம் வைத்திருந்த ஒரு அம்மா மட்டும் தலைவர் வணக்கம் சொன்னதையே எழுதிக்கொண்டார். ஒப்பந்தத்தின் மறுதரப்பு என்ற முறையில் தம்பியும் வந்து வரப்போரம் நின்றான். தலைவர் சலவைச் சட்டையோடு பத்தாவது வரிசையின் முன் நின்று தொண்டையைச் சரிசெய்தார்.

மண்ணில் ஆரம்பித்து, மண்ணின் வரலாற்றுக்குப் போய், மனித குலத்தைத் தொட்டு, இருபது நிமிஷத்தில் வெள்ளரிக்கு வந்து சேர்ந்தார். "இதோ, என் பின்னால் நிற்கும் இந்த வரிசையைப் பாருங்கள். சாம்பல் நோயை வெறும் பாலால் வென்ற வரிசை! ஒரு துளி ரசாயனம் இல்லை. இது நமது பால் சிகிச்சையின் சிகரம்!"

தொப்பிகள் முன்னால் வந்து இலையைத் தொட்டன. நோட்டுப் புத்தகத்தம்மா, "அற்புதமா இருக்கே. எவ்வளவு பால் சார்?" என்றார்.

"அதுக்குப் பாலே அடிக்கலியே!" என்றாள் சத்தம்.

ஏழாவது வரிசையில் நின்று முணுமுணுத்ததாகத்தான் அவள் பிற்பாடு சத்தியம் செய்தாள். வேன் டிரைவர் தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டார்.

தலைவர் சிரிக்க முயன்றார். தம்பி அதற்குள் வரப்பிலிருந்து இறங்கி வந்து பத்தாவது வரிசையில் குனிந்திருந்தான். ஓர் இலையின் காம்பைப் பிடித்து, அது தண்டோடு சேருமிடத்தைக் கண்ணருகில் கொண்டுபோனான். கடுகளவு நீலம் அங்கே காய்ந்து ஒட்டியிருந்தது.

"கயிறு சாயம் தம்பி. நானும் பாத்தேன்," என்றாள் அவள். கொடி ஏறக் கட்டியிருந்ததும் நீல நைலான்தான்.

"கயிறு இல்ல அண்ணி. மருந்துல கலக்குற சாயம், அடிச்ச இடம் தெரியறதுக்கு." அவன் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தான். "அண்ணே, இது என் கடைச் சரக்கு."

தலைவர் வானத்தைப் பார்த்தார்; மழை வந்து காப்பாற்றுமா என்பது போல.

"விருந்தாளிங்க வர்றாங்களேன்னு..." என்றார். அவர் வாழ்க்கையிலேயே மிகச் சிறிய பேச்சு அது. "ஒரே ஒரு வரிசைதான்."

அவளுக்குக் கோபம் வரவேண்டும். வந்தது நிம்மதி. அப்படியானால் பால் பொய் சொல்லவில்லை, சொன்னது இவர். கோபம் அதற்குப் பிறகு, நிதானமாக வந்தது.

"யாரும் இதுல காய் பறிச்சு வாயில வச்சிடாதீங்க," என்று தொப்பிகளிடம் சொன்னாள். "இதுல மருந்து இருக்கு. அந்த ஒன்பது வரிசையில இல்ல. அங்க சாம்பல் இருக்கு, காயும் இருக்கு. போய்ப் பாருங்க." இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்து, பத்தாவது வரிசையின் முதல் கொடியைத் தரையோடு அறுத்தாள். அடுத்ததை அறுத்தாள். பிஞ்சும் பூவுமாக அவை கயிற்றில் தொங்கின. இருபத்தெட்டுக் கொடி. அவள் முடிக்கிறவரை எல்லோரும் நின்றார்கள். நோட்டுப் புத்தகத்தம்மா எழுதவில்லை.

தம்பி தொண்டையைக் கனைத்தான். "அண்ணி, வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கில்ல. சொட்டு விழுந்துடுச்சு."

"விழுந்துடுச்சு. ஒன்பதாவது விதி என்ன தம்பி?"

"ஒன்பதாவதா?"

"இரு தரப்பினரும் எந்த மருந்துப் பாட்டிலையும் வரப்பைத் தாண்டிக் கொண்டுவரக் கூடாது. அப்படிக் கொண்டுவந்த தரப்புக்கு நிலத்தின் மேல் எந்தப் பேச்சும் கிடையாது. உங்க அண்ணன் எழுதினது. திங்கக்கிழமை பாட்டிலக் கொண்டுவந்து பம்பு ரூம்ல வச்சது யாரு?"

தம்பி அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தம்பியைப் பார்த்தார். "அப்படி ஒரு விதி எழுதினேனா?" என்றார் தலைவர்.

"எழுதினீங்க. பத்தாவது விதியில உலக அமைதி வருது, அதுக்கு முன்னாடி." அவள் அரிவாளைத் துடைத்தாள். "கொண்டுவந்தவரும் மீறியாச்சு, அடிச்சவரும் மீறியாச்சு. கையெழுத்துப் போட்ட ரெண்டு பேருக்கும் இதுல பேச்சு இல்ல. யாரும் கையெழுத்து கேக்காத ஆளு ஒருத்திதான் மிச்சம்."

"அதானே!" என்றாள் சத்தம். இந்தத் தடவை அவளை யாரும் அடக்கவில்லை. தொப்பிகளில் ஒன்று கைதட்டியது, மற்றவை தொடர்ந்தன. தலைவர் பழக்கதோஷத்தில் கும்பிடப் போய், பாதியில் கையை இறக்கினார்.

தம்பி ஒன்பதாவது வரிசைக்குள் போனான். எட்டுக்குப் போனான். இலை இலையாகப் புரட்டினான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் குடோன் இல்லை.

"ரெண்டு தடவை அடிச்சதுக்கா இவ்வளவு நிக்குது? பால் மட்டுமா? வேற எதுவும் கலக்கலியே?"

"ஒன்பது பங்கு தண்ணி."

"நிறுத்திட்டீங்க போல. ஆறாவதுல ஏறுது."

"இவரால நிறுத்தினேன்."

"நாளைக்கே அடிங்க." பைக்கை உதைத்துக் கிளப்பினான். "பாதி விளைச்சல் விதிக்கு ஆளே இல்லாமப் போச்சு. இருந்தாலும் கடைசிப் பறிப்புக்கு வருவேன். நிலத்துக்கு இல்ல. பாக்கறதுக்கு."

"வரப்புலயே நில்லுங்க. கைய விரிச்சுக் காட்டிட்டு உள்ள வாங்க."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறியது. அவள் பாலை வடிகட்டித் தெளிப்பானில் ஊற்றி, மூடியைத் திருகி, தலைவர் முதுகில் மாட்டினாள். வார்ப்பட்டையை இழுத்து இறுக்கினாள். சாயங்காலம் ஒரு கூட்டம் இருப்பதாக அவர் சொன்னார். இது காலைதான் என்று அவள் சொன்னாள். பிறகு ஒரு துண்டை எடுத்து அவர் மூக்கையும் வாயையும் சேர்த்துச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டாள்.

"பாலுக்கு எதுக்குடி முகமூடி?" துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பாலுக்கு இல்லைங்க."

அவர் நடந்தார். பின்னால் பூனைகள் நடந்தன. "அடிப்பக்கம், அடிப்பக்கம் நனையல!" என்று சத்தம் கத்துவது ரோடு வரைக்கும் கேட்டது. அவள் ரோட்டோரமாகப் போய், அறுத்த இடத்தில் மண்ணைக் கொத்தி, புது விதைகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தினாள். ஆறாவது முடித்துத் திரும்பிய தலைவர் துண்டைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு நின்றார்.

"இதுக்கும் அடிக்கணுமா?"

"வேண்டாம். இது சும்மா இருக்கட்டும்."

"நோய் வந்தா?"

"வரட்டும். பாக்கணும்." துண்டை அவளே மேலே ஏற்றிவிட்டாள். "ஏழாவதுக்குப் போங்க. வெயில் போயிடும்."